சரளைப் பாதை

சரக், சரக் என்று வாசலில் சரளை மிதிபட்டது. சந்தனம் கிளம்பிவிட்டாள். கதவுக்குப் பின்னால் சோணைமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காய்ச்சலில் போன மனைவியைப் புதைத்துக் காரியமும் முடித்தாயிற்று. ஆனாலும் கருக்கலானால் வாசலில் தொடங்கும் அந்தச் சத்தம், கம்மாய்க்கரை வரை போய்த் திரும்பி வருகிறது. உயிரோடிருந்தபோதும் அவள் அந்நேரம்தான் ஒதுங்கப் போவாள்.

சந்தனத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. போகிற வழியிலோ சுற்றுச்சுவரில்லாத பாழுங்கிணறு ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. சோணைமுத்துவுக்கு ரோட்டு வேலை. திருச்சுழி ரோட்டில் மிஞ்சிய சரளையைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து, கிணற்றை விட்டு எட்ட விலக்கிப் பாதையாகப் பரப்பினான். கரிசல் மண்ணுக்கும் சரளைக்கும் உள்ள வித்தியாசம் அவள் வெறுங்காலுக்குத் தெரிந்துவிடும்.

பொண்டாட்டிக்கு ரோடு போட்டவன் என்று ஊரே கேலி பேசியது. பக்கத்து வீட்டு அருஞ்சுனை மட்டும், "சந்தனம் குடுத்து வச்சவ" என்றாள்.

"வேத்தாளா இருந்தா நம்ம செவலை நாயி கொலைக்காதா? இது மதினிதேன்ணே" என்று கிசுகிசுத்தாள் தங்கை பிச்சையம்மாள்.

"நான் என்ன செய்ய, தாயி?"

"கல்லு கெடக்குற வரைக்கும் அவுக இதுலயேதேன் அலைவாக. பாதைய அள்ளிருண்ணே. போக வேண்டிய எடத்துக்குப் போகட்டும்."

அவனுக்கு மனசு வரவில்லை. அந்தச் சத்தம் பயமாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது. ஆனால் செத்தும் அவளுக்கு நிம்மதியில்லையே என்று நினைத்தபோது நெஞ்சு பொறுக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல், அழுதுகொண்டே அத்தனை சரளையையும் அள்ளினான். மண்ணை நிரவியும் விட்டான்.

அன்று கருக்கலில் வாசல் கம்மென்று கிடந்தது. "மதினி போயிட்டாகண்ணே" என்று பிச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். சோணைமுத்து மூலையில் குந்தி, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

திடீரென்று பாழுங்கிணற்றுப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

 துண்டை உதறிவிட்டு ஓடினான். கயிறு கட்டி இறங்கியவர்கள் தூக்கி வந்து கிடத்தியது அருஞ்சுனையை. நெற்றியில் ரத்தம் வழிந்தது, ஒரு கால் ஒடிந்து தொங்கியது.

"ஏத்தா, பாத்து வரக்கூடாதா?" என்று பதறினாள் பிச்சையம்மாள்.

அருஞ்சுனையின் கைகள் மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தன. குரல் வந்த பக்கம் முகம் திரும்பியது, கண்கள் மட்டும் எங்கோ வெறித்திருந்தன.

"எனக்குக் கண்ணு போயி மாசக்கணக்காச்சு. மருமகளுக்குப் பயந்து யாருட்டயும் சொல்லல. சந்தனம் பாதையிலதேன் நெதமும் கருக்கல்ல போயி வந்தேன்... அந்தக் கல்லையெல்லாம் யாருண்ணே அள்ளுனது?"