எட்டாம் நம்பர்

"இவ ஊரை விட்டுப் போயிட்டா மாட்டை யார் கறக்கிறது? இவளை மட்டும் ஜெயிக்க விட்டுடாதீங்க!" என்று பால் வாளியை ணங்கென்று வைத்தார் மாமியார் பூர்மகான்.

அடுத்த அறையிலிருந்து மாமனார் குபாத் சிரித்தார். "நீ ஏன் பயப்படறே? தாஷ்கண்ட் அணி என் கையில இருக்கு. இவளோட நரினை நசுக்கித் தள்ளிடறேன் பாரு."

மருமகள் ஜிபெக் தன் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் அவர்கள் ஊர் நரின் அணி, அடுத்த அறை லேப்டாப்பில் மாமனார் நடத்தும் தாஷ்கண்ட் அணியோடு ஆசியக் கோப்பை கால் இறுதியில் மோதத் தயாராக நின்றது. நிஜத்தில் நரின் அணிக்கு ஒழுங்கான புல்தரைகூடக் கிடையாது. இந்தக் கணினி விளையாட்டில், ஒரு குளிர்காலம் பூராவும் மேனேஜராக உட்கார்ந்து அவள்தான் இதுவரை இழுத்து வந்திருந்தாள்.

அவளுக்கு இது வெறும் விளையாட்டு இல்லை. தலைநகர் பிஷ்கெக்கில் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர் படிப்பு, மூன்று மாதம், இடமும் கிடைத்துவிட்டது. ரஷ்யாவில் வேலை பார்க்கும் கணவன் சரியென்று சொல்லிவிட்டான். நாளைக் காலை பஸ். மாமனார்தான் பிடி கொடுக்கவில்லை.

இன்று காலை ரொட்டி மேல் கை வைத்துச் சொல்லியிருந்தார். "இன்னிக்கு ஆட்டத்துல யார் ஜெயிக்கிறாங்களோ, அவங்க சொல்றதுதான் முடிவு. அப்புறம் யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது." ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டு மாற்றிப் பேசுகிற ஆள் அந்த ஊரிலேயே இல்லை.

ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிஷத்திலேயே நரின் ஒரு கோல் போட்டது. ஜிபெக் மேஜையைக் குத்தினாள். "போட்டுட்டான் மாமா! எட்டாம் நம்பர் போட்டுட்டான்!"

அந்த எட்டாம் நம்பருக்கும் குபாத் என்றுதான் பெயர். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் மாமனார் பெயரையும் புருஷன் பெயரையும் வாயால் சொல்வதில்லை, கையால் எழுதுவதும் இல்லை. என்ன செய்வாள் பாவம், குளிர்காலம் பூராவும் அவனை நம்பர் வைத்தேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குபாத் பயலுக்கு என் பேரை வச்சதே தப்பு!" சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் கத்தினார். "இருடி, இடைவேளை முடியட்டும், உன்னைக் கவனிச்சுக்கறேன்."

இடைவேளையில் நாய் குரைத்தது. யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். ஜிபெக் எழுந்து பார்க்கவில்லை. தற்காப்பில் யாரை நிறுத்துவது என்ற கவலையே அவளுக்குத் தலைக்கு மேல் இருந்தது.

இரண்டாம் பாதியில் தாஷ்கண்ட் ஆடிய விதமே மாறிப்போனது. அவசரம் இல்லை, ஆவேசம் இல்லை. இடது ஓரத்தில் ஒருவனை நிறுத்தி, நரினின் தற்காப்பை நிதானமாகப் பிரித்து மேய்ந்தது. எழுபதாவது நிமிஷம் ஒன்றுக்கு ஒன்று ஆனது.

எப்போதும் வீடு அதிரக் கத்துகிற மாமனார் இப்போது மூச்சுக் காட்டாதது ஜிபெக்குக்குப் பயமாக இருந்தது.

திரையின் மூலையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'எட்டாம் நம்பருக்கு மூச்சு வாங்குது. இன்னுமா உள்ள வச்சிருக்கே?'

உண்மைதான், அவனுடைய தெம்பைக் காட்டும் கோடு சிவப்பாகிவிட்டது. மாற்று ஆட்டக்காரன் தயாராகத்தான் இருந்தான். ஜிபெக் விரலைக் கொண்டுபோனவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். 'கோல் போட்டவனை வெளியே எடுக்க வைக்கப் பாக்கறார். நான் ஏமாற மாட்டேன்.'

எண்பத்தெட்டாவது நிமிஷம். நடுக்களத்தில் பந்தை வாங்கிய எட்டாம் நம்பர் நாலு அடிகூட ஓட முடியாமல் பறிகொடுத்தான். தாஷ்கண்ட்காரன் ஒருவன் தனியாக ஓடிப் போய்ப் பந்தை வலைக்குள் தள்ளினான். இரண்டுக்கு ஒன்று. விசில்.

ஜிபெக் லேப்டாப்பை மூடினாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. கட்டி வைத்த பெட்டியை இனி அவிழ்க்க வேண்டும். தோற்றவள் போய்க் கை கொடுப்பதுதான் மரியாதை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

லேப்டாப் முன்னால் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர் பூர்மகான். குபாத் என்று எழுதாமல் 'எட்டாம் நம்பர்' என்று செய்தி அனுப்பிய கை இதுதான்.

"அத்தை! மாமா எங்கே?"

"பக்கத்து வீட்டுக் குதிரை குட்டி போட முடியாம தவிக்குதுன்னு இடைவேளையிலேயே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. 'என் இடத்துல உக்காரு, நீ ஆடினா நான் ஆடின மாதிரிதான், தோத்துத் தொலைச்சிடாதே'ன்னு அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடியே சொல்லிட்டுப் போனார்."

"உங்களுக்கு இது ஆடத் தெரியுமா?"

"மூணு வருஷமா அவர் பக்கத்துலதானே கம்பளி பின்னிட்டிருக்கேன்? அவர் ஜெயிச்ச ஆட்டத்துல பாதி நான் சொல்லிக் கொடுத்தது."

"நான் போறது உங்களுக்கு அவ்வளவு கசப்பா அத்தை? ஒரு கோல் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?"

"விட்டுக்கொடுத்தா? மாமியாரும் மருமகளும் கூட்டுச் சேர்ந்துட்டீங்கன்னு ஆட்டத்தையே செல்லாதுன்னுடுவார். அவரை எனக்குத் தெரியாதா? மாட்டை யார் கறக்கிறதுன்னு கத்தினதும் அவர் காதுக்குத்தான். ஜெயிச்சவங்க சொல்றதுதான் முடிவுன்னு ரொட்டி மேல சத்தியம் பண்ணினவர், இப்ப அவரால ஒரு வார்த்தை பேச முடியாது."

பூர்மகான் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"ஜெயிச்சது நான். நான் சொல்றேன், நீ கிளம்பு."