நசுங்கிய புள்ளி

மூன்றாவது துப்பாக்கியையும் மெர்சி அருவருப்போடு மேசையில் வைத்தாள். குறிபார்க்கும் கண்ணாடியில் வட்டமாகத் தெரிய வேண்டிய சிவப்புப் புள்ளி, சுவரில் நசுக்கிய மூட்டைப்பூச்சியைப் போல இழுபட்டுக் கிடந்தது. மாநிலத் துப்பாக்கி சுடும் அணிக்கு அடுத்த வாரம் தேர்வு.

“எல்லாம் மட்டமான சரக்கு, பாய்.”

கடைக்காரர் காஜா அந்தக் கண்ணாடியில் எச்சில் தொட்டு வைத்து, மூக்குத் துடைத்த கைக்குட்டையால் தேய்த்தார். அவர் தன் செல்போனை அதன் பின்னால் பிடித்துப் படமெடுத்துக் காட்டினார். படத்தில் புள்ளி அச்சடித்தாற்போல் வட்டமாக இருந்தது.

“மூணுக்கும் ஒரே வியாதியா? போய்க் கண்ணு டாக்டரப் பாரும்மா.”

மெர்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எச்சில் ஈரம் காயாத துப்பாக்கியை ஒற்றை விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“வேற காட்டுங்க.”