முதல் வெடி

“துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து ஒரு துவக்குக்காரனுக்கு வால் பிடிச்சுத் திரியிறியள்.”

விடிந்ததிலிருந்து மகாதேவி இதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு சொல்லும் மாறவில்லை.

அவள் புருசன் ஆனந்தராசா சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பக்கத்து வீட்டு வேட்டைக்காரக் கிழவர் பிரிங்க்மனின் கார் நின்றது.

“போலிஸ் கண்டால் எங்கடை அகதிக் கேஸ் என்னாகும்?”

“நான் துவக்கைத் தொடுறேல்லை. சுடுற திடலிலை நிண்டு, கடதாசியிலை ஓட்டை எங்கை விழுந்ததெண்டு பாத்துச் சொல்லுறன். அவ்வளவுதான்.”

“நல்ல உத்தியோகம். அதுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் முழுப் பின்னேரமும் வேணுமோ?”

“ஒரு வெடி வைச்சால் குழல் சூடாகிப் போகும். ஆற விட்டுத்தான் அடுத்தது. காட்டுக்குள்ளை முதல் வெடி குளிர்ந்த குழலாலைதானே போகும். அது எங்கை போய் விழுதெண்டுதான் பாக்கவேணும்.”

“துவக்குக்கு ஆற நேரம் குடுக்கிறியள். வீட்டிலை இருக்கிறவளுக்கு?”

நாடியை நீட்டி உள்ளே காட்டினாள். அவள் தங்கை கலாதேவி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியில் ஹம் நகருக்கு வெளியே, காட்டோரம், அகதிகளுக்கென்று கொடுத்த வீடு அது. பொழுதுபடப் பிரிங்க்மன் காட்டுப்பண்டிக்கு வெடி வைத்தால் கலா மேசைக்குக் கீழே போய்விடுவாள். அடுத்த வெடி கேட்டதும் அலறி விறைத்துப்போவாள். அவள் புருசனை ஆமி சுட்டது அவள் கண்முன்னால்.

ஆனந்தராசா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இருட்ட முன் கார் திரும்பி வந்தது. மகாதேவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பிரிங்க்மன் உலக யுத்தத்தில் இங்கிலாந்துக்காரரிடம் கைதியாக இருந்து இங்கிலிஷ் பழகியவர். அவளுக்குக் கன்னியர் மடத்து இங்கிலிஷ்.

“துவக்குச் சத்தத்துக்கே சாகிற ஒருத்தி இந்த வீட்டிலை இருக்கிறாள். நீங்கள் என்ரை மனுசனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டு விளையாடுறியள். வெக்கமில்லையோ?” என்று அந்த இங்கிலிஷில் வெளுத்து வாங்கினாள்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

“அவர் உங்களிடம் சொல்லவில்லையா?”

“என்னத்தை?”

“கோடையில் என் வீட்டுக்கு வந்தார். வேட்டையை நிறுத்த முடியாது, பன்றிகள் சோளத்தை அழிக்கின்றன என்றேன். அவருக்கு ஜெர்மன் வரவில்லை. என் சமையலறை மேசைக்குக் கீழே படுத்துக் காதைப் பொத்திக் காட்டினார். பிறகு எழும்பி, ஒரு விரலை நீட்டி ‘குட்’ என்றார். இரண்டு விரலை நீட்டி ‘நிக்ஸ் குட்’, கூடாது என்றார்.”

மகாதேவி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஊரில் அன்றைக்குக் கலாவின் புருசனுக்கு ஆமி வைத்த முதல் வெடி பிசகியது. இரண்டாவதுதான் பிசகவில்லை.

“என் துவக்கில் குறி பார்க்கும் கண்ணாடி ஆடிப்போயிருந்தது, மேடம். முதல் குண்டு விலகும், இரண்டாவதில்தான் விழுத்துவேன். அதைப் பெரிதாக எடுத்ததே இல்லை. இன்றைக்குச் சரி வந்துவிட்டது. குளிர்ந்த குழலில், நேரே நடுவில். இனி ஒரு வெடிதான் கேட்கும்.”

கிழவர் போனதும் மகாதேவி புருசனின் பக்கம் திரும்பினாள்.

“என்னட்டைச் சொன்னால் வாய் தேய்ஞ்சு போமோ?” குரல் இறங்கியிருந்தது.

“நீர் அவளுக்கு முன்னாலை வைச்சல்லோ கேட்டனீர். எப்பிடிச் சொல்லுறது?”

பொழுதுபட்டது. காட்டுக்குள் ஒரு வெடி.

கலா கையிலிருந்த கோப்பையைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போனாள். இந்த முறை மகாதேவியும் முழந்தாளிட்டு உள்ளே புகுந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற வெடி வரவில்லை. அடுப்பில் சோறு கொதித்து அடங்கியது. காடு பேசாமல் கிடந்தது.

“முடிஞ்சுது, குஞ்சு. இனி இல்லை. வெளியிலை வா.”

கலா வரவில்லை. மூச்சைப் பிடித்து, காதைக் காட்டுப் பக்கம் சாய்த்தபடி கிடந்தாள்.

“அத்தான்,” என்றாள் கடைசியில். “அவரிட்டைப் போய் மற்றதையும் சுடச் சொல்லுங்கோ. காத்துக்கொண்டு கிடக்க ஏலாமல் இருக்கு.”