அடுத்த வீட்டு விதை

மழை பொய்த்தால் பசியில் சொந்த விதையையே தின்றுவிடுகிறோம் என்று, சகாரா ஓரத்து அந்த ஊரில் பெண்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளவள் விதைக் கம்பு அடுத்தவள் வீட்டில் இருக்கும். முதல் மழையன்று ஹவா பானையோடு ரமாத்துவின் வாசலுக்கு வந்தாள்.

“இந்தாக்கா, உன் விதை. பானை வாயில பூசின மண்ணுகூட விரியல, பாத்துக்க. என் பிள்ளைங்கதான் இதையே சுத்திச்சுத்தி வந்து அடி வாங்குச்சுங்க.”

ரமாத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி, என்னுதைக் குடு. ஈரம் காயுறதுக்குள்ள விதைக்கணும்” என்றாள் ஹவா.

“இருடி, எடுத்தாறேன்.”

ஹவாவின் விதை கோடையிலேயே ரமாத்து வீட்டில் கஞ்சியாகிவிட்டிருந்தது. ரமாத்து உள்ளே போனாள். பிறகு, சற்றுமுன் ஹவா தந்த பானையையே திரும்பக் கொண்டுவந்து, தலை நிமிராமல் நீட்டினாள்.

எட்டு மாதம் காத்த பானை ஹவாவுக்குத் தெரியாதா? அதன் வாயைத் தடவிப் பார்த்தாள்.

“உன் பிள்ளைங்க நல்லா இருக்குதுங்களாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.