நாற்பத்திரண்டாவது பெயர்

பின்பக்கம் கிடங்கு இருந்ததால்தான் அந்த நர்ஸுக்கும் அவள் கணவனுக்கும் அந்த வீடு எட்டும் விலையில் கிடைத்தது. குடிபோன மறுநாள் காலை எட்டு மணிக்கு, சமையலறைச் சுவருக்கு அப்பால் யாரோ அட்டென்டன்ஸ் எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மொத்தம் நாற்பத்தியொரு பேர்.

ஏழரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் கணவன் அதைக் கேட்டதில்லை. "ஆள் நடமாட்டம் இருந்தா நல்லதுதானே," என்றான்.

சத்தத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று ஒருநாள் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். காவலாளி சாவியைத் தேடி எடுக்கவே கால் மணி நேரம் ஆனது.

"மூடி ஒன்பது வருஷமாச்சும்மா. நீங்களே பாத்துக்குங்க."

உள்ளே வெறும் தரை. தூசியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

கணவன் சிரித்தான். "நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் கேக்கிறேன்."

மறுநாள் எட்டு மணிக்கு இருவரும் அடுப்பருகே நின்றார்கள். நாற்பத்தியொரு பெயரும் வரிசையாக வந்து முடிந்தன. குரல் அதோடு நிற்கவில்லை. அடுத்ததாக அவன் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டது.

பதில் சொல்லிவிடப் போகிறானே என்று அவள் எட்டி அவன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் அவன் உதடு அசையவே இல்லை.

"இருக்கேன்" என்றது, சுவருக்கு அப்பாலிருந்து அவன் குரல்.