தலையில் ஒரு தட்டு

இந்த ஹேர்பேண்டைப் போட்டுக்கொண்டு என் தலையை நான் தொட்டால், ஐஸ்லாந்தில் இருக்கும் ஹெல்காவின் தலையில் அது தெரியும். அவளிடமும் இதேபோல் ஒன்று இருக்கிறது; பேசினால் குரலும் கேட்கும். இரண்டு பேருக்கும் பதினைந்து வயது. டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதை நேற்று வீடியோவில் அவளுக்குக் காட்டினேன். குடித்துப் பார்த்தவளுக்குப் புரையேறிவிட்டது. பழக்கதோஷத்தில் அவளுக்காக என் உச்சந்தலையில் தட்டிக்கொண்டேன்.

“ஏன் அடிச்சே?”

“எங்க சாத்தூர்ல புரையேறினா தட்டுவோம். யாரோ உன்னை நினைக்கிறாங்கன்னு அர்த்தம்.”

“என்னை யாரு நினைக்கப் போறா?” என்றாள். அவள் அம்மா வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம்.

இன்று சாயங்காலம், டியூஷனில் என் தலையில் திடீரென்று ஒரு தட்டு விழுந்தது. கூடவே ஹெல்காவின் குரல்.

“சூப் குடிக்கும்போது புரையேறிடுச்சு. நீதானே நினைச்சே?”

நான்தான். ஒரு கணக்குகூட போட்டிருக்கவில்லை.