கண்ணு பட்ட இன்ஜின்

"கண்ணுதான்டா! வேற இன்னா கீது அந்த இன்ஜினுக்கு?" என்றாள் சொர்ணம், கரையிலிருந்து.

மகன் செம்பியன், ஊரூர் குப்பத்து முகத்துவாரத்தில், இடுப்பளவு தண்ணீரில் கட்டிப் போட்டிருந்த படகில், புது இன்ஜினையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கண்ணுக்கெல்லாம் என்னாண்ட ஸ்பேனர் கெடையாதும்மா," என்றார் அசோகன். கிண்டியிலிருந்து வந்திருந்த மெக்கானிக். பிளக்கை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தார்.

நோய் இதுதான். இன்ஜின் ஜோராகக் கிளம்பும். முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்தைத் தாண்டியதும் இருமும், திணறும், படுத்துவிடும். டேங்கைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் தளும்பும். மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால் சமர்த்தாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி படுக்கும். பிளக்கை மாற்றியாகிவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியாகிவிட்டது. ஆட்டோவில் ஏற்றி அசோகனின் பட்டறைக்கே கொண்டுபோனார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அவருடைய கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்தால், அரை நாள் நிற்காமல் ஓடியது.

"கிண்டில ஓடும். ஏன் ஓடாது? கிண்டில அவ கண்ணு இல்லல்ல," என்றாள் சொர்ணம்.

அவள் என்றால் பக்கத்து வீட்டுப் பொன்மணி. செம்பியனுக்கு வருங்கால மாமியார். அவள் மகள் நிலாவுக்கும் செம்பியனுக்கும் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். புது இன்ஜின் வந்து இறங்கிய அன்று பொன்மணி கரையில் நின்று, "மெய்யாலுமே சோக்கா கீதுக்கா! இன்னா சத்தம், இன்னா ஸ்பீடு!" என்று மனசாரச் சொல்லித் தொலைத்தாள்.

சொர்ணத்துக்கு அது போதும். அன்று சாயங்காலமே பூசணிக்காய் உடைத்தாள். இன்ஜினின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினாள். படகின் மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. உப்புத் தண்ணீரில் கரைந்துவிடக் கூடாதென்று சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, துடுப்பு, டேங்க், நங்கூரம் என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தாள். அப்படியும் மறுநாள் காலை இன்ஜின் நடுக்கடலில் நின்றது. அதிலிருந்து தினமும் பூஜை. இன்ஜின் மோசமாக மோசமாக, பூஜை பலமானது.

இத்தனை பூஜைக்கும் அசையாத கண் என்றால் லேசுப்பட்ட கண்ணா? அந்த வீட்டில் பெண் எடுத்தால் இன்ஜின் மாதிரி பையனும் பாதியில் நின்றுவிடுவான் என்று சொர்ணம் முடிவுகட்டிவிட்டாள்.

"இன்னிக்கும் ஓடலன்னா தாம்பாளத்தத் திருப்பிக் குடுத்துருவேன். சொல்ட்டேன்," என்றாள், கையிலிருந்த பூஜைக் கிண்ணத்தை ஆட்டியபடி.

வெறும் வலையோடு திரும்பி வருவது செம்பியனுக்குப் பழகிப்போயிருந்தது. நிலா இல்லாமல் இருக்க மட்டும் அவனால் முடியாது. அதை அம்மாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டுப் பொன்மணியும் கரைக்கு வந்துவிட்டாள். இன்ஜினைப் பார்த்தால் வம்பு என்று, முகத்தைப் பெசன்ட் நகர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"இழு தம்பி," என்றார் அசோகன்.

செம்பியன் கயிற்றை இழுத்தான். இன்ஜின் கிளம்பியது. நன்றாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இருமியது.

"பாத்துட்டா! பாத்துட்டா பாரு!" என்று கத்தினாள் சொர்ணம்.

"நா எங்கக்கா பாத்தேன்? நா அந்தாண்டதான பாத்துக்கினு கீறன்!" என்றாள் பொன்மணி, கட்டடங்களைப் பார்த்தபடியே.

அசோகன் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. டேங்கிலிருந்து வரும் குழாயைத் தடவிப் பார்த்தார். நடுவில் இருந்த ரப்பர் உருண்டை சூம்பிப்போயிருந்தது. டேங்கின் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்றது. இருமிக்கொண்டிருந்த இன்ஜின் நிமிர்ந்து உறுமியது. மூடினார், சற்று நேரத்தில் திணறியது. திறந்தார், உறுமியது. மூடியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"யம்மா, நீ சொன்னதுதான் கரீட்டு," என்றார். "கண்ணுதான்."

செம்பியன் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தான். இவருமா?

"கேட்டுக்கினியாடா? மெக்கானிக்கே சொல்லிட்டாரு! இருங்க, தாம்பாளத்த எட்த்தாறேன்," என்று வீட்டைப் பார்த்துத் திரும்பினாள் சொர்ணம்.

"யாருனா ஒரு ஊக்கு குடுங்களேன்," என்றார் அசோகன்.

பொன்மணி முகத்தைத் திருப்பாமலே, தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையை மட்டும் நீட்டினாள். செம்பியன் தண்ணீரில் குதித்துப் போய் வாங்கி வந்தான்.

"உங்க வலைல கண்ணு கீற மாதிரி, இந்த மூடிலயும் தம்மாத்தூண்டு கண்ணு ஒண்ணு கீது தம்பி. காத்து போறதுக்கு. அது அடச்சிக்கினா டேங்குக்கு மூச்சு முட்டும். பெட்ரோல் எறங்காது," என்றபடி அசோகன் ஊக்கை விட்டுக் குடைந்தார்.

கெட்டிச் சந்தனமும் குங்குமமும், ஒவ்வொரு நாள் பூஜையும் ஒவ்வொரு அடுக்காக, உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தன.

அப்போதுதான் பொன்மணி முகத்தைத் திருப்பி, சொர்ணத்தின் கையிலிருந்த கிண்ணத்தைக் கண் நிறையப் பார்த்தாள்.

"மிச்ச சந்தனத்தையாவது கல்யாணத்துக்கு எடுத்து வெய்யிக்கா," என்றாள்.